பார்டு கிளாஸ் எப்படி இருக்க வேண்டும்: ஃபேன்டசி ரோல்பிளேயிங் ஆட்டங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பார்டு (புலவர்) கிளாஸை, அதாவது பாத்திர வகையை, எடுத்ததும் பலர் முதலில் யோசிப்பது வாத்தியத்தைப் பற்றித்தான். லூட் என்ற நரம்பு வாத்தியம் வைத்துக்கொள்ளலாமா, புல்லாங்குழலா, முரசா என்று பேச்சு ஓடும். அது கடைசியில் எடுத்தால் போதுமான முடிவு. பார்டு புகழ்ந்தால் ஒருவன் பெயர் ஊர் ஊராகப் போகும், வசை பாடினால் ஆள்பவனே தலைகுனிய வேண்டும், பழைய வழக்கு எதுவானாலும் அவரிடம் கேட்டுத்தான் தீர்ப்பார்கள். இந்த மூன்று அதிகாரமும் விதிகளில் இறங்கினால்தான் பார்டு தனி கிளாஸாக நிற்கும். இல்லாவிட்டால் அவர் பாட்டுப் பாடும் மந்திரவாதி மட்டுமே.

கீழே உள்ள எண்கள் 2024 விதிப்புத்தகத்தின்படி. 2014 பதிப்பில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். சொந்தமாகச் சேர்க்கும் விதிகளை ‘வீட்டு விதி’ என்றே குறிப்பிடுகிறோம். ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) ஒப்புக்கொண்டால் மட்டும் பயன்படுத்துங்கள்.

இந்த கிளாஸின் வேர்

பார்டு முதலில் வெளிவந்தது 1976 பிப்ரவரியில், ஸ்ட்ராட்டஜிக் ரெவ்யூ இதழில். 1978ல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கையேட்டில் அது பின்னிணைப்பாக இருந்தது. முதலில் ஃபைட்டராக ஐந்தாவது லெவலையாவது தொட வேண்டும், பிறகு தீஃப் ஆக வேண்டும், அதற்கும் பிறகுதான் ட்ரூயிட்களிடம் பாடம் கேட்டு பார்டு ஆகலாம். ஸ்ட்ரெங்த் (வலு), டெக்ஸ்டெரிட்டி (லாவகம்), விஸ்டம் (விவேகம்), கரிஸ்மா (ஈர்ப்பு) நான்கும் குறைந்தது 15 இருந்தாக வேண்டும். இந்தத் தடைகளைத் தாண்டி அந்த கிளாஸை எட்டுவதே அபூர்வம்.

அந்தப் பழைய பார்டுக்கு ஏழு கல்லூரிகள் உண்டு. ஃபோக்லுக்கனில் தொடங்கி ஒல்லவ் வரை போகும் அந்தப் பெயர்கள் பழைய அயர்லாந்தின் புலவர் படிநிலைகளிலிருந்து எடுத்தவை. அங்கே ஃபிலி எனப்பட்ட கற்றறிந்த புலவருக்கு ஏழு படிகள் இருந்தன. உச்சப் படியான ஒல்லவ் 350 கதைகளை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். சட்டப்படி ஒரு சிறு நாட்டின் அரசனுக்கு என்ன மதிப்பீடோ அதே மதிப்பீடு அவருக்கும் உண்டு. அயர்லாந்தில் ‘பார்டு’ என்று அழைக்கப்பட்டவரோ ஃபிலிக்குக் கீழே இருந்தவர். ஆட்டத்தில் பெயர் பார்டுடையது, வேலை ஃபிலியுடையது. இந்த வழிகாட்டி அந்த வேலையைத்தான் பின்பற்றுகிறது.

வேல்ஸில் நிலைமை சற்று வேறு. ஹவெல் தா அரசர் பெயரால் வழங்கும் சட்டங்களில் அரண்மனை அதிகாரிகள் 24 பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் படைவீட்டுப் புலவர். படை போருக்கு அணிவகுக்கும்போது முன்னால் நின்று பாடுவது அவர் கடமை. ஆட்டத்தில் பார்டு கூட்டாளிக்கு ஊக்கப் பகடை தரும் பார்டிக் இன்ஸ்பிரேஷனுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைக்காது.

முதல் படி: பதவியைத் தீர்மானியுங்கள்

கேரக்டர் ஷீட்டை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்கள். யாருடைய சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தார்? யாரைப் பற்றிப் பாட மறுப்பார்? அவரை உள்ளே விட மறுக்கும் வீடு எது?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பார்டுக்கு எல்லா வாசலும் திறந்தே இருந்தால் டிஎம் கையில் கதை நகர்த்த ஒன்றும் மிஞ்சாது. பாடி முடித்த ஒரு பாட்டுக்காக ஒரு பிரபு இன்றும் கறுவிக்கொண்டிருக்கிறார் என்றால், முதல் செஷனிலேயே ஒரு முடிச்சு விழுந்துவிடும்.

இரண்டாம் படி: எண்களை அடுக்குங்கள்

27 புள்ளிகளைப் பங்கிட்டு எண்களை வாங்கும் முறையில் ஸ்ட்ரெங்த் 8, டெக்ஸ்டெரிட்டி 14, கான்ஸ்டிட்யூஷன் (உடல் திண்மை) 13, இன்டெலிஜன்ஸ் 12, விஸ்டம் 10, கரிஸ்மா 15 என்று வையுங்கள். மெர்ச்சன்ட் பின்னணியை எடுத்தால் கரிஸ்மாவுக்கு 2, கான்ஸ்டிட்யூஷனுக்கு 1 கூடும். கரிஸ்மா 17, கான்ஸ்டிட்யூஷன் 14 ஆகிவிடும். என்டர்டெய்னர் பின்னணி பெயரளவில் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் அதில் கான்ஸ்டிட்யூஷன் கூட்ட வழியில்லை, பார்டு செத்துப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

காரணம் கான்சன்ட்ரேஷன், அதாவது மந்திரத்தைக் கவனம் கலையாமல் பிடித்திருப்பது. பார்டின் நல்ல ஸ்பெல்கள் (மந்திரங்கள்) பலவும் கான்சன்ட்ரேஷன் கேட்பவை. அடி விழும்போதெல்லாம் கான்ஸ்டிட்யூஷன் சேவ் போட வேண்டும், அதாவது அதைத் தாங்க டி20 என்ற 20 பக்கப் பகடையை உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. பார்டுக்கு இந்த சேவில் பயிற்சி கிடையாது. கான்ஸ்டிட்யூஷன் 14 தரும் +2 மட்டும் இருந்தால் 10ஐத் தொட 65 சதவீத வாய்ப்பு. நான்காம் லெவலில் வார் காஸ்டர் ஃபீட் (சிறப்புத் திறன்) எடுத்தால் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி நல்லதை எடுப்பது) கிடைத்து அது 88 சதவீதத்தை நெருங்கும், கரிஸ்மாவும் 18 ஆகும். வேறு எந்த ஃபீட்டையும் அதற்கு முன் யோசிக்க வேண்டாம்.

ஸ்கில்களில் பெர்சுவேஷன் (இணங்கவைத்தல்) மெர்ச்சன்ட் பின்னணியிலேயே வந்துவிடும். கிளாஸ் தரும் மூன்றை பெர்ஃபார்மன்ஸ் (பாடி நடித்தல்), ஹிஸ்டரி (வரலாறு), இன்சைட் (மனமறிதல்) என்று வையுங்கள். இரண்டாம் லெவலில் கிடைக்கும் எக்ஸ்பர்டீஸை (பயிற்சி போனஸ் இரட்டிப்பாவது) பெர்ஃபார்மன்ஸுக்கும் ஹிஸ்டரிக்கும் கொடுங்கள். 2014 பதிப்பில் எக்ஸ்பர்டீஸ் மூன்றாம் லெவலில்தான் வரும்.

முதல் லெவலில் 10 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), தோல் கவசத்தோடு ஆர்மர் கிளாஸ் (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 13. முன்வரிசையில் நிற்கும் உடம்பு இல்லை இது. எதிரியிடமிருந்து 40 முதல் 60 அடி தள்ளி, ஏதாவது ஒரு மறைப்பை ஒட்டி நில்லுங்கள். இன்ஸ்பிரேஷன், ஹீலிங் வர்ட் (குணமாக்கும் மந்திரம்), விஷஸ் மாக்கரி (வசை மந்திரம்) மூன்றும் 60 அடி எட்டும்.

மூன்றாம் படி: ஸ்பெல்கள்

முதல் லெவலில் நான்கு ஸ்பெல், அவற்றைச் சொல்லச் செலவழிக்க இரண்டு ஸ்லாட். ஹீலிங் வர்ட், டிஸோனன்ட் விஸ்பர்ஸ் (மனத்தை வதைக்கும் முணுமுணுப்பு), ஃபேரி ஃபயர் (எதிரியை ஒளிரவைப்பது), காம்ப்ரிஹென்ட் லாங்குவேஜஸ் (எந்த மொழியும் புரிவது) என்று எடுத்தால் போதும். கடைசியில் சொன்னதை ரிச்சுவலாக (நேரமெடுக்கும் சடங்காக) செய்தால் ஸ்லாட் செலவாகாது. பழைய கல்வெட்டையும் புரியாத பேச்சையும் விளங்கிக்கொள்வது பார்டின் வேலைதானே.

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கே. ஃபேரி ஃபயர், ஹிடியஸ் லாஃப்டர், ஸ்லீப், ஹீரோயிஸம் என்று அடுக்குவார்கள். 2024 விதியில் நான்குமே கான்சன்ட்ரேஷன். ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும், இரண்டாவதைத் தொடங்கியதும் முதலாவது கலைந்துவிடும். முதல் லெவலில் கான்சன்ட்ரேஷன் ஸ்பெல் ஒன்று, மூன்றாம் லெவல் வந்தபின் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். ஐந்தாம் லெவலில் ஹிப்னாட்டிக் பேட்டர்ன் வந்ததும் ஃபேரி ஃபயரை மாற்றிவிடலாம்.

வேரோடு ஒட்டிய அழகான வழி ஒன்றும் உண்டு. அயர்லாந்துப் புராணத்தில் தாக்தா என்ற கடவுளின் யாழுக்கு மூன்று இசை: அழவைப்பது, சிரிக்கவைப்பது, தூங்கவைப்பது. பகைவர் மண்டபத்தில் இந்த வரிசையிலேயே வாசித்து, எல்லோரும் உறங்கியதும் தப்பி வருகிறார். டிஸோனன்ட் விஸ்பர்ஸ், ஹிடியஸ் லாஃப்டர், ஸ்லீப் மூன்றும் அப்படியே பொருந்தும். ஆனால் சிரிப்பும் தூக்கமும் ஒரே நேரத்தில் நிற்காது என்பதை மறக்காதீர்கள்.

நான்காம் படி: இன்ஸ்பிரேஷன் பகடையைச் செலவழிக்கும் கணக்கு

இந்த கிளாஸின் உயிர் இது. ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கரிஸ்மா 17 என்றால் ஒரு நாளைக்கு மூன்று பகடை. நான்காம் லெவல் வரை லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) எடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும், ஐந்திலிருந்து ஷார்ட் ரெஸ்டிலேயே (சிறு ஓய்வு) கிடைக்கும். முதலில் டி6, அதாவது ஆறு பக்கப் பகடை. ஐந்தாம் லெவலில் டி8, பத்தில் டி10, பதினைந்தில் டி12.

2024 விதியில், பெற்றவர் ஒரு மணி நேரத்துக்குள் டி20 ரோலில் தோற்றபின் இந்தப் பகடையை உருட்டிக் கூட்டலாம். உருட்டினால் செலவானதுதான், பலித்தாலும் பலிக்காவிட்டாலும். 2014ல் அவகாசம் பத்து நிமிடம், வெற்றியா தோல்வியா என்று டிஎம் சொல்வதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். எதிரியின் ஆர்மர் கிளாஸ் 15, ஃபைட்டர் போட்டது மொத்தம் 13. இரண்டு குறைகிறது. டி6ல் இரண்டோ அதற்கு மேலோ விழ ஆறில் ஐந்து வாய்ப்பு. கட்டாயம் உருட்டலாம். மொத்தம் 10 என்றால் ஐந்து குறைகிறது, ஆறில் இரண்டுதான். சாதாரண அடிக்கு அதை வீணாக்கக் கூடாது. டி6 கையில் இருக்கும்வரை ‘மூன்றுக்குள் குறைந்தால் உருட்டு, அதற்கு மேல் என்றால் விடு’ என்று கூட்டாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உயிர் போகும் சேவ் என்றால் இந்தக் கணக்கு பார்க்க வேண்டாம்.

ஆர்மர் கிளாஸ் தெரியாதே என்று கேட்கலாம். இரண்டு மூன்று அடிகள் போனதும் எந்த எண் பட்டது, எந்த எண் படவில்லை என்பதிலிருந்தே தெரிந்துவிடும். அதைக் குறித்துக்கொண்டு சொல்வதும் பார்டு ஆடுபவரின் பொறுப்பாகவே இருக்கட்டும்.

அடுத்த சிக்கல், ஒரு டர்னில் ஒன்று மட்டுமே கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன். இன்ஸ்பிரேஷன் கொடுப்பதும் ஹீலிங் வர்ட் சொல்வதும் இரண்டுமே போனஸ் ஆக்‌ஷன். சண்டை நடுவில் நண்பன் விழுந்துகிடக்கும்போது இரண்டையும் ஒரே டர்னில் செய்ய முடியாது. அதனால் கதவைத் திறப்பதற்கு முன், பாலத்தைக் கடப்பதற்கு முன், பகடைகளைக் கொடுத்து முடித்துவிடுங்கள். ஒரு மணி நேர அவகாசம் இதற்குத்தான். வேல்ஸ் படைவீட்டுப் புலவர் பாடியதும் போருக்கு முன்னால்தான்.

மூன்றாம் லெவலில் காலேஜ் ஆஃப் லோர் (பார்டின் ஒரு உட்பிரிவு) எடுத்தால் கட்டிங் வர்ட்ஸ் வரும். அதே பகடையை எதிரியின் ரோலிலிருந்து கழிக்கலாம், அதுவும் உடனடி எதிர்வினையான ரியாக்‌ஷனாக. ஓகர் (அரக்கன்) 19 போட்டு, ஆர்மர் கிளாஸ் 17 உள்ள கூட்டாளியை அடிக்கிறது. மூன்றோ மேலோ விழுந்தால் அடி தவறும், ஆறில் நான்கு வாய்ப்பு. எல்லாப் பகடைகளையும் முன்கூட்டியே பங்கிட்டுவிட்டால் இதற்கு ஒன்றும் மிஞ்சாது. லோர் பார்டு எப்போதும் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு வீட்டு விதி. பகடையைக் கொடுக்கும்போது, பெறுபவர் இதே ஆட்டத்தில் முன்பு செய்த ஒரு செயலை ஒரு வரியில் சொல்லிப் புகழ்ந்தால், உருட்டும்போது 1 விழுந்தால் ஒருமுறை மறுபடி உருட்டலாம். டி6ன் சராசரி 3.5லிருந்து 3.9க்கு நகரும், அவ்வளவுதான், சமநிலை கெடாது. ஆனால் மேசையில் நடப்பதே வேறு. “ஆற்றங்கரையில் மூன்று பேரை ஒற்றைக் கேடயத்தால் தடுத்தவளே” என்று பார்டு சொன்னதும், நான்கு செஷனுக்கு முன் நடந்ததை எல்லோரும் நினைத்துப்பார்க்கிறார்கள். ‘உனக்கு ஒரு டி6’ என்று சொல்லி நகர்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: வசை

விஷஸ் மாக்கரி கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவாகாத மந்திரம்) 2024ல் 1டி6 சேதம், 2014ல் 1டி4. சேதத்தைப் பார்த்து இதை ஒதுக்கிவிடாதீர்கள். எதிரி அடுத்து அடிக்கும் அடியில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி மோசமானதை எடுப்பது) விழுகிறது, அதுதான் பலன். பல சிறு எதிரிகளைவிட, ஒரே ஒரு பெரிய அடி அடிக்கும் எதிரிமேல் போடுங்கள்.

‘நீ அசிங்கமா இருக்கே’ என்பது வசை இல்லை. எதிராளியிடம் கண்ணால் பார்த்த ஒன்றை, அல்லது அவனைப் பற்றிக் காதால் கேட்ட ஒன்றைச் சொல்லுங்கள். “பாலத்தை விட்டு ஓடி வந்தது உன் ஆட்களுக்குத் தெரியுமா, இல்லை நானே சொல்லட்டுமா?” என்றால் அவன் தடுமாறுவதில் நியாயம் இருக்கிறது. செஷனுக்கு முன் மூன்று வரிகள் எழுதிவைத்துக்கொண்டால் மேசையில் திணற வேண்டியதில்லை.

பெரிய வசைக்கு விதிப்புத்தகத்தில் இடமில்லை. அதுதான் இந்த கிளாஸின் பெரிய குறை. பழைய அயர்லாந்தில் புலவரின் வசை முகத்தில் கொப்புளம் எழுப்பும் என்று நம்பினார்கள், உடலில் ஊனமுள்ளவன் அரசனாக இருக்கக் கூடாது என்பதும் வழக்கு. அதேசமயம் நியாயமில்லாமல் வசை பாடினால் பாதிக்கப்பட்டவரின் மானத்துக்கு ஈடு கட்ட வேண்டும். வசைக்கு முன்னால் புகழும் இகழும் கலந்த எச்சரிக்கைப் பாட்டு ஒன்றும் வழக்கத்தில் இருந்தது. இதை அப்படியே வீட்டு விதியாக்கலாம்.

முதலில் குற்றம் வேண்டும். ஆள்பவர் செய்த ஒரு தவறு, அதற்குக் குறைந்தது ஒரு சாட்சி. இதைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு செஷன் ஓடும். பிறகு எச்சரிக்கை. அவர் அவையிலேயே, புகழோடு கலந்து, குற்றத்தைக் குறிப்பாகத் தொட்டுப் பாட வேண்டும். திருத்திக்கொள்ள அடுத்த பௌர்ணமி வரை அவகாசம். திருத்தாவிட்டால் மூன்று நாள் செலவழித்துப் பாட்டு கட்டி, சந்தையிலோ திருவிழாவிலோ பாடலாம். பெர்ஃபார்மன்ஸ் ரோல்: கிராமத் தலைவர் என்றால் இலக்கு 13, பிரபு 16, அரசர் 20. மூன்றாம் லெவலில் எக்ஸ்பர்டீஸோடு +7 இருக்கும். பிரபுவைப் பாட 60 சதவீத வாய்ப்பு, அரசரைப் பாட 40.

வென்றால் ஒரு மாதத்துக்கு அவர் தன் சொந்த ஆட்களிடம் போடும் பெர்சுவேஷன், இன்டிமிடேஷன் ரோல்கள் எல்லாம் டிஸ்அட்வான்டேஜில். கூலிப்படை விலை கேட்கும், வரி வசூலிப்பவன் தாமதிப்பான். தோற்றால் பாட்டு எடுபடவில்லை, அதே குற்றத்தை வைத்து மறுபடி பாட முடியாது. குற்றம் பொய் என்று தெரியவந்தால் பார்டுக்கு அந்த நாட்டில் ஒரு மாதம் பெர்ஃபார்மன்ஸே டிஸ்அட்வான்டேஜ், ஈட்டுத்தொகை வேறு. 100 பொற்காசில் தொடங்குங்கள். இந்தத் தண்டனை இல்லாமல் வசை விதியைச் சேர்த்தால், பார்டு போகும் ஊரெல்லாம் எல்லோரையும் மிரட்டத் தொடங்குவார். டிஎம் அதைத் தாங்க மாட்டார்.

ஆறாம் படி: நினைவு

ஹிஸ்டரி ரோல் போட்டுத் தெரிகிறதா இல்லையா என்று பார்ப்பது விஸர்டுக்குச் சரி. பார்டுக்குக் கதைப் பட்டியல் வேண்டும். இதுவும் வீட்டு விதிதான். தொடக்கத்தில் ஆறு கதை, லெவலுக்கு இரண்டு கதை கூடும். ஒவ்வொன்றும் ஒரே வரி: யார், எங்கே, என்ன நடந்தது. ‘கல்மலைக் கோட்டையைக் கட்டியவன் தன் தம்பியை அஸ்திவாரத்தில் வைத்துக் கட்டினான்’ என்பதுபோல. எழுதுவது பார்டு ஆடுபவர். மூன்றில் ஒன்று எங்கோ பிசகியிருக்கும், எது, எப்படி என்று டிஎம் தனியாகக் குறித்துக்கொள்வார்.

கதையைத் தொடும் விஷயத்தில் பார்டுக்கு ரோல் தேவையில்லை, கதையில் உள்ளது தெரியும். பிசகைக் கண்டுபிடிப்பது ஆட்டத்துக்குள் நடக்க வேண்டியது. டிஎம்முக்கும் இது லாபம்: உலகத்தின் பழங்கதையை அவரே உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. பார்டு எழுதியதையே எடுத்து அடுத்த டன்ஜனாக்கலாம்.

ஏழாம் படி: பேச்சை டிஎம் எப்படி நடத்துவது

கரிஸ்மா உயர்ந்த கேரக்டர் வந்ததும் பெர்சுவேஷன் ரோலே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் நிலை வரும். அதைத் தடுக்க, ரோலுக்கு முன் டிஎம் இரண்டு கேள்வி கேட்கட்டும். என்ன கேட்கிறீர்கள்? அவர் ஏன் அதைச் செய்ய வேண்டும்? இரண்டாவதற்குப் பதில் இல்லை என்றால் ரோலே இல்லை.

நல்ல பதில் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ் வாசகருக்கு வெளியே போக வேண்டியதில்லை. சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு இன்னொரு சோழனான நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டுக் கிடந்தபோது கோவூர் கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் கெஞ்சலும் இல்லை, இனிப்பும் இல்லை. இருவர் சூடியிருப்பதும் ஆத்தி மாலைதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று இருவருக்கும் தெரிந்த உண்மையை எடுத்து முன்னால் வைக்கிறார். பார்டு ஆடுபவர் இப்படி ஒரு வாதத்தோடு வந்தால் அட்வான்டேஜ் கொடுங்கள். ஆற்றுப்படைப் பாட்டுகளின் அமைப்பும் மேசைக்கு உதவும். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழியும் வள்ளலின் இயல்பும் சொல்கிறான் அல்லவா, அதேபோல எதிர்ப்படும் இன்னொரு பார்டின் வாயால் அடுத்த சாகசத்துக்கான செய்தியை டிஎம் சொல்லிவிடலாம்.

வாத்தியத்துக்கு இப்போது வரலாம். மந்திரக் கருவியாகப் பயன்படுத்த அதைக் கையில் பிடித்தாக வேண்டும். ஒரு கையில் வாளும் மறு கையில் லூட்டும் என்றால் ஏணி ஏறவும் கதவு திறக்கவும் கை இருக்காது. லூட் 35 பொற்காசு, புல்லாங்குழல் 2. பணம் குறைவாக இருக்கும் முதல் லெவலில் புல்லாங்குழல் போதும், ஆனால் அதை ஊதிக்கொண்டே மந்திரம் சொல்ல முடியுமா என்று டிஎம்மிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மேசையில் கெடும் இடங்கள்

பார்டு ஆடுபவர் பாடத் தேவையில்லை. பாடத் தெரியாதவரைப் பாடச் சொல்லி வற்புறுத்தினால் மூன்றாவது செஷனில் அவர் கேரக்டரை மாற்றிவிடுவார். எதைப் பற்றிப் பாடுகிறார், யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்று இரண்டு வரி சொன்னால் போதும்.

வருகிற பெண், அரக்கி, டிராகன் என்று எல்லோரிடமும் வழியும் பார்டு இந்த கிளாஸுக்கு நேர்ந்த பெரிய கேடு. கேலியாகத் தொடங்கி, மேசையில் ஒருவருக்காவது சங்கடமாகி, கடைசியில் ஆட்டமே நின்றுபோகும். முதல் செஷனுக்கு முன்பே அது வேண்டாம் என்று பேசி முடித்துவிடுங்கள். முதல் படியில் எழுதிய மூன்று பதில்களும் இருந்தால் அந்த கேரக்டருக்குச் செய்ய வேறு வேலை நிறைய இருக்கும்.

மற்றொன்று, எல்லாக் காட்சியிலும் பார்டே பேசுவது. இரண்டாம் லெவலில் ஜாக் ஆஃப் ஆல் ட்ரேட்ஸ் வந்ததும் பயிற்சியில்லாத ஸ்கில்லிலும் பாதி போனஸ் கிடைக்கும், உடனே கை எங்கும் நீளும். ஃபைட்டரின் பழைய படைத்தலைவரைச் சந்திக்கும் காட்சி என்றால் ஃபைட்டரைப் பேசவிட்டு, ஒரு இன்ஸ்பிரேஷன் பகடையை அவரிடம் கொடுங்கள். அங்கே என்ன பேசப்பட்டது என்பதைக் குறித்துவைத்து, அடுத்த ஊரில் பாடுங்கள்.